இரண்டு கைகள் பின்னிய ஸ்வெட்டர்

யார் என்ன சொன்னாலும் முதல் தடவையிலேயே நம்பிவிடுகிற ஆள் இல்லை சத்தியபாய். தமிழும் மலையாளமும் புழங்குகிற எல்லைப்பக்கம், பாறசாலையைத் தாண்டி இஞ்சிவிளையில், மெயின் ரோட்டிலிருந்து இறங்குகிற இடவழியில் அவள் வீடு. முன்னறையில் மெஷின் போட்டுப் பெண்களுக்கு ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துக் கொடுத்தாள். அளவெடுக்கும்போது ஒரு தடவை டேப்பைச் சுற்றி எண்ணைச் சொல்லுவாள், ஆனால் எழுதமாட்டாள். மழையைப் பற்றியோ மீன் விலையைப் பற்றியோ ஏதாவது பேச்சை எடுத்து, எதிரே நிற்கிறவள் அதில் இறங்கியதும் இன்னொரு தடவை டேப்பைச் சுற்றுவாள். முதல் தடவை எல்லாப் பெண்களும் மூச்சை இழுத்துப் பிடித்திருப்பார்கள் என்பது அவள் பதினைந்து வருட மெஷின் வாழ்க்கையில் கண்ட உண்மை. நோட்டில் ஏறுவது இரண்டாவது அளவுதான்.

அவள் கணவன் ராஜதாஸ், இமாசலத்தில் மலையை வெட்டி ரோடு போடுகிற பட்டாளப் பிரிவில் லாரி ஓட்டினான். வருடத்துக்கு ஒரு தடவை, மகள் அஜிஷாவின் பள்ளிக்கூடம் அடைக்கிற நேரம் பார்த்து இரண்டு மாத லீவில் வருவான். 1993ஆம் வருட லீவுக்கு அவன் வந்த அன்று டிரங்குப் பெட்டியைத் திறந்து அழுக்குத் துணிகளைப் பிரித்தபோதுதான் அந்த ஸ்வெட்டர் அவள் கையில் பட்டது. சாம்பல் நிறம். கனமான கம்பளி.

"இது எங்க உள்ளது?"

"கேண்டீன்ல வாங்கினது" என்றான் ராஜதாஸ், சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி.

அவள் ஸ்வெட்டரை உள்பக்கமாகத் திருப்பினாள். கழுத்தில் கம்பெனிச் சீட்டு இல்லை. சீட்டைப் பிரித்தெடுத்த தையல் தடமும் இல்லை. பக்கவாட்டு மூட்டு, அதே கம்பளி நூலால், பெரிய ஊசி கொண்டு கையால் தைத்தது. கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் கொண்டு கொடுக்கிற சாக்கில் இரண்டாவது தடவையும் கேட்டாள்.

"கேண்டீன்ல சாதனம் கொள்ளாமே, நல்ல கம்பளி. என்ன கம்பெனி?"

"அதெல்லாம் ஆரு பாத்தா?"

பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பொய் என்று தெரிந்த பிறகு, அந்தக் குளிர்காலத்தில் வந்த கடிதங்களும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. ராஜதாஸ் களியக்காவிளையில் தமிழில் படித்தவன். எப்போதும் கோழி கிளறியது போன்ற தமிழ் எழுத்தில்தான் எழுதுவான். டிசம்பர் முதல் மார்ச் வரை வந்த நாலு கடிதங்கள் மட்டும் மலையாளத்தில், உருட்டி உருட்டி எழுதிய அழகான கையெழுத்தில் இருந்தன. கையில் ஒரு கட்டி வந்து பழுத்திருக்கிறது, கூட இருக்கிற ஒருத்தர் எழுதித் தருகிறார் என்று முதல் கடிதத்தில் இருந்தது. கூட இருப்பது லாரிக்காரர்களும் ஜல்லி உடைக்கிறவர்களும். அவர்களில் யாருக்கு இப்படி ஒரு கையெழுத்து?

இப்போது லீவில் வந்தவன் வலது கையின் கடைசி இரண்டு விரலையும் மடக்காமல் வைத்திருந்தான். கேட்டதற்கு, "லாரிக் கதவுல மாட்டினது" என்றான். கட்டி என்று எழுதியவன் இப்போது கதவு என்கிறான். சத்தியபாய் இரண்டையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அவளுடைய அண்ணன் ராபின்சன் காரக்கோணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தான். தங்கச்சி விஷயத்தைச் சொன்னதும் சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்தாமலே சொன்னான். "பட்டாளத்துல போறவங்க பத்து மாசம் ஒற்றைக்கு இருப்பானுவன்னு நெனச்சியா? எனக்கு அறிஞ்ச ரெண்டு பேரு அங்கண குடும்பமே வச்சிருக்கானுவ. ஒண்ணும் கேக்காத. கேட்டா அவன் உசாராயிருவான்."

அவள் கேட்கவில்லை. லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஸ்வெட்டரை எடுத்து, மெஷினுக்கு அடியில் வெட்டுத்துணி போடுகிற சாக்குக்குள் திணித்து வைத்தாள். ராஜதாஸ் இரண்டு நாள் தேடினான். அலமாரியைத் திறந்தான். கட்டிலுக்கு அடியில் குனிந்தான். முற்றத்தில் துணிக்கொடியைப் போய்ப் பார்த்தான். ஆனால் "எனக்க ஸ்வெட்டரைக் கண்டியா" என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் காணாவிட்டால் ஊரையே கூட்டுகிறவன் இதை மட்டும் திருடனைப் போலத் தேடினான். கடைசியில் அது இல்லாமலேயே ரயில் ஏறினான். அவளுக்கு அதுவே போதுமான சாட்சியாக இருந்தது.

விமலகுமாரி பாறசாலை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்தாள். டெல்லியில் எட்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள். ரயில்வேயில் இருந்த கணவனுக்கு இங்கே மாற்றல் கிடைத்ததும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். சத்தியபாயைவிட இரண்டு மூன்று வயது கூடுதல் இருக்கும். ஜாக்கெட் தைக்க வந்தவளின் பைக்குள்ளிருந்து இரண்டு நீள ஊசிகள் எட்டிப் பார்த்ததைச் சத்தியபாய் அன்றே கவனித்து வைத்திருந்தாள். அந்த ஸ்வெட்டரைப் பின்னின கையைப் படிக்க, முதலில் பின்னத் தெரிய வேண்டும். ஜூன் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுப் படியேறினாள்.

"எனக்கு ஸ்வெட்டர் பின்னப் படிக்கணும், விமலக்கா."

"இந்த ஊருல ஸ்வெட்டரா? ஆருக்காக்கும்?"

"அவியளுக்குத் தான். மலையில குளிருல்லா."

"அங்கண கடையில கிட்டாதா?"

"கையால செய்து கொடுத்தா அது வேற அல்லவா?" என்றாள் சத்தியபாய். சொல்லும்போதே வாய் கசந்தது.

டெல்லியில் வார்டில் கூட வேலை பார்த்த பஞ்சாபிப் பெண்களிடம் விமலகுமாரி கற்றது அது. அதனால் அவளுடைய பாடமும் பாதி இந்தியில்தான் இருந்தது. ஊசியை முன்னாலிருந்து நுழைத்து நூலைப் பின்னால் சுற்றி எடுத்தால் ஸீதா. பின்னாலிருந்து நுழைத்து நூலை முன்னால் சுற்றினால் உல்டா. ஊசியில் விழுகிற ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி; உலகத்தில் உள்ள எல்லா ஸ்வெட்டரும் இந்த இரண்டு கண்ணிதான் என்றாள். ஒரு ஸீதா, ஒரு உல்டா என்று மாற்றி மாற்றிப் போனால் இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்குகிற பார்டர் வரும். ஒரு வரிசை முழுக்க ஸீதா, திரும்பி வரும்போது முழுக்க உல்டா என்றால் மார்புப் பகுதி.

திருவனந்தபுரம் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் எம்ப்ராய்டரி நூல் விற்கிற ஒரு கடையில் தேடிப் பிடித்து நீலக் கம்பளி நூலும் பத்தாம் நம்பர் ஊசி ஒரு ஜோடியும் வாங்கி வந்தாள் சத்தியபாய். வேர்த்த விரலில் கம்பளி பசை போல ஒட்டியது. கையில் பவுடரைக் கொட்டித் தேய்த்துக்கொண்டு பின்னினாள். முதல் நாள் பத்து வரிசையில் நாற்பது கண்ணி ஐம்பத்துமூன்றாகியிருந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

ஊருக்கும் சந்தேகம் வந்தது. வெயிலில் நின்றால் தார் செருப்பில் ஒட்டுகிற ஊரில் ஒருத்தி கம்பளி பின்னுகிறாள் என்றால் காரணம் இருக்க வேண்டுமே. வீட்டில் யாருக்கோ நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, மறைக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. மெஷினை விற்றுவிட்டு அவளும் வடக்கே போகப் போகிறாள் என்று இன்னொரு பேச்சு. ஜாக்கெட் வாங்க வந்த ஒருத்தி இருமல் கேட்கிறதா என்று உள்ளறைப் பக்கம் காதைக் கொடுத்ததைச் சத்தியபாய் பார்த்தாள். 

பார்டர் மட்டும் ஆறு தடவை பிரித்தாள். ஏழாவது தடவை நான்கு விரல் அகலத்துக்கு ஒழுங்காக வந்தபோது கதவைச் சாத்திவிட்டு, சாக்கிலிருந்து சாம்பல் ஸ்வெட்டரை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுடையதில் கண்ணிகள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. அந்த ஸ்வெட்டரின் பார்டர் கோடு கிழித்தது போல இருந்தது. அவசரமில்லாத கை. வருடக் கணக்காகப் பின்னிய கை. நீளமான விரல்களும் மலைக்காரியின் சிவந்த கன்னங்களும் உள்ள ஒருத்தி சத்தியபாயின் கண்முன் வந்து உட்கார்ந்தாள். அந்த மலைக்காரியின் அடுப்பங்கரையில் ராஜதாஸின் குரல்கூடக் கேட்டது. அன்றைக்குச் சத்தியபாய் இராத்திரி சாப்பிடவில்லை.

மார்புப் பகுதி தொடங்கிய பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. ஒரு நாள் மத்தியானம் நீல ஸ்வெட்டரில் வரிசைகளை எண்ணிப் பழகியவளின் கண், சாம்பல் ஸ்வெட்டரில் பார்டருக்கு மேலே போய் நின்றது. அங்கே வரிசைகள் தள்ளாடின. ஒன்று இறுக்கம், ஒன்று தளர்ச்சி. இரண்டு இடத்தில் நழுவிப்போன கண்ணியைக் கறுப்புத் தையல் நூலால் முடிச்சுப் போட்டு நிறுத்தியிருந்தது. இதுவரை இதை எப்படிப் பார்க்காமல் போனோம் என்று அவளுக்கே ஆச்சரியம். தெரிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

அடுத்த நாள் அதை ஒரு பையில் போட்டு விமலகுமாரியிடம் எடுத்துப் போனாள். "எனக்க அண்ணனுக்கு ஆரோ கொடுத்ததாக்கும். கைவேல எப்படின்னு பாருங்க."

விமலகுமாரி ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் விரித்தாள். பார்டரைத் தடவினாள். அதற்கு மேலே தடவினாள். சிரித்தாள். சத்தியபாயைத் தெரிந்தவர்கள் சத்தியம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இது ரெண்டு கை, சத்தியம்."

"ரெண்டு கைன்னா?"

"கண்ணி ஏற்றி, பார்டர் போட்டுக் கொடுத்தவ நல்லா அறிஞ்சவ. பின்ன வேற ஆளு வாங்கிப் பின்னியிருக்கு. ஆதியாட்டு ஊசி பிடிக்கிற புது ஆளு. பாரு, நூலு நிக்கல. நூலைச் சுண்டுவிரல்ல சுற்றி இறுக்கிப் பிடிக்கணும்லா? அது இதுக்கு முடியல. பிஞ்சு விரலு. ஏதோ சின்னப் பிள்ள."

"பிள்ளையா?"

"அம்ம தொடங்கிக் கொடுத்து மோளு பின்னியிருக்கும். டெல்லியில எத்தன வீட்டுல கண்டிருக்கேன். ஆனா பாரு, மேல போகப் போகப் பிள்ள படிச்சுப் போச்சு. தோளுப் பக்கம் கொள்ளாம்."

சத்தியபாய் ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்தாள். வீட்டுக்கு எந்த வழியாக வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. ஒருத்தி என்றால் ஒருத்தி. இப்போது ஒரு பிள்ளையும் இருக்கிறது. ஊசி பிடிக்கிற வயதில், அப்பாவுக்காக ஸ்வெட்டர் பின்னுகிற அளவுக்கு வளர்ந்த பிள்ளை. அப்படியானால் எத்தனை வருடமாக இது நடக்கிறது?

அவள் சும்மா முடிவு கட்டுகிறவள் இல்லை. சோதித்துப் பார்த்தாள். அஜிஷாவுக்கு அப்போது பத்து வயது. அவள் கையில் ஊசியையும் மிச்ச நூலையும் கொடுத்து, தானே நான்கு வரிசை போட்டுத் தொடங்கிக் கொடுத்து, "பின்னு மக்கா, பாப்போம்" என்றாள். பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு வாரத்தில் உள்ளங்கையளவு பின்னியது. சத்தியபாய் அதை வாங்கிச் சாம்பல் ஸ்வெட்டரின் மேல் வைத்தாள். அதே தள்ளாட்டம். அதே இறுக்கம், அதே தளர்ச்சி. 

ராஜதாஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு தூண்டிலும் போட்டாள். அங்கே அஜிஷா வயதுப் பெண்பிள்ளைகள் குளிருக்கு என்ன உடுப்பார்கள், இவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று. பழைய கோழிக் கிறுக்கலில் பதில் வந்தது. எழுத்து முன்பைவிட மோசமாக இருந்தது. கம்பளித் தொப்பி, முழங்கால் வரை காலுறை, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு ஸ்வெட்டர் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். வீட்டில் பார்த்துப் பழகாதவனுக்கு இவ்வளவு எப்படித் தெரியும்? அந்தக் கடிதத்தை மடித்து மற்ற நான்கோடு சேர்த்து வைத்தாள்.

ஆனால் பின்னுவதை அவள் விடவில்லை. அதுதான் விசித்திரம். கோபத்தில் ஊசியை வீசிவிட்டு எழுந்து போனவள் அரை மணியில் திரும்பி வந்து உட்காருவாள். கைக்குழி வருகிற இடத்தில் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்கி வரிசையைக் குறைக்கக் கற்றாள். இடது ஓரத்தில் ஒரு பக்கம் சாயவும் வலது ஓரத்தில் மறுபக்கம் சாயவும் குறைக்க வேண்டும் என்பதைக் கற்றாள். கழுத்து வளைவில் முடிந்துபோன ஓரத்திலிருந்து புதுக் கண்ணிகளைத் தோண்டி எடுக்கக் கற்றாள். ஒவ்வொன்றும் கைவந்ததும் சாம்பல் ஸ்வெட்டரை எடுத்து, அவர்கள் அதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள். பார்க்கப் பார்க்க அந்தப் பிள்ளையின் மேல் கோபம் வராமல் போனதுதான் அவளுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. நழுவின கண்ணியைத் தையல் நூலால் கட்டி நிறுத்துகிற பாடு இப்போது அவளுக்கும் தெரியும்.

"இது போதாது. அந்த ஸ்வெட்டர்ல இல்லாத ஒண்ணு சொல்லித் தாங்க" என்று விமலகுமாரியிடம் கேட்டாள்.

"எந்த ஸ்வெட்டர்ல?"

"அண்ணனுக்க ஸ்வெட்டர்ல."

விமலகுமாரி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள்.  மூன்றாவதாக ஒரு சின்ன ஊசியைக் கொண்டு வந்தாள். மூன்று கண்ணியை அதில் தூக்கி முன்னால் தொங்கவிட்டு, அடுத்த மூன்றைப் பின்னி, தொங்கினதைத் திரும்ப எடுத்துப் பின்னினால், கம்பளியில் சடைப் பின்னல் போல முறுக்கு எழும்பி நின்றது. இரண்டு பக்கமும் உல்டா வரிசை இருந்தால்தான் முறுக்கு மேலெழும்பித் தெரியும் என்றாள். அதைச் சரியாகப் போட ஒரு மாதம் பிடித்தது. நீல ஸ்வெட்டரின் மார்பில் இரண்டு சடைகள் ஏறின. கையிலும் ஒவ்வொரு சடை வேண்டும் என்று தீர்மானித்தாள். மலைக்காரி பார்க்கட்டும்.

1994 ஏப்ரல் முதல் வாரத்தில் ராஜதாஸ் வந்தான். அன்று காலையிலேயே சாம்பல் ஸ்வெட்டரை அலசி, வாசலிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுகிற மாதிரி கொடியில் தொங்கவிட்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியவன் பெட்டியோடு நின்றுவிட்டான். அவன் முகத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இங்கயா இருந்துது?" என்றான் கடைசியில்.

"ஆமா. இங்கயாக்கும் இருந்துது."

அவ்வளவுதான். அவன் உள்ளே போய் முகம் கழுவினான். அவள் இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை, சமயம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம். அஜிஷா பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். சத்தியபாய் முன்னறையில் நீல ஸ்வெட்டரின் இரண்டாவது கையைப் பின்னிக்கொண்டிருந்தாள். ராஜதாஸ் எதிரே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரமாகப் பேப்பர் திரும்பவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழ தப்பிப் போச்சு" என்றான்.

"என்னது?"

"மூணு வரிசைக்குக் கீழ. முறுக்குக்குப் பக்கத்துல. அங்க உல்டா வரணும். ஸீதா விழுந்து கெடக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். மூன்று வரிசைக்குக் கீழே, சடையின் இடது ஓரத்தில், ஒரே ஒரு கண்ணி திரும்பி நின்றது. விமலகுமாரிகூட ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தால்தான் கண்டுபிடிப்பாள்.

சத்தியபாய் எழுந்தாள்.

"இது நிங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் பேப்பரைத் தூக்கினான். அவள் அதைப் பிடுங்கினாள்.

"லாரி ஓட்டுற ஆளுக்கு உல்டாவும் ஸீதாவும் ஆரு சொல்லித் தந்தது? எவ சொல்லித் தந்தது? அவளுக்க பேரென்ன? பிள்ளைக்கு எத்தன வயசு?"

"எந்தப் பிள்ள?"

"அந்த ஸ்வெட்டரைப் பின்னின பிள்ள!"

ராஜதாஸ் அவளை வாயைத் திறந்தபடி பார்த்தான். அப்புறம் அவன் முகம் சிரிக்கப் போவது போலவும் அழப் போவது போலவும் ஆனது. கையை நீட்டினான். "ஊசியத் தா" என்றான்.

தப்பின கண்ணி இருந்த இடம் வரை ஒரே ஒரு கண்ணியை மட்டும் கீழே நழுவவிட்டான். ஏணி போல நூல் இறங்கியது. ஊசி முனையால் அதைத் திருப்பி, ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு வந்து மேலே மாட்டினான். பிறகு வரிசையைத் தொடர்ந்து பின்னினான். கடைசி இரண்டு விரலும் குச்சி போல நீட்டிக்கொண்டு நின்றன. நூல் அவற்றைச் சுற்றாமல் உள்ளங்கை வழியாகத் தளர்ந்து ஓடியது.

"நான் பின்னினதாக்கும் அது" என்றான்.

சத்தியபாய் நம்பவில்லை. வேறொருத்தியாயிருந்தால் அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதிருப்பாள். இவள் உள்ளே போய் அஜிஷா பின்னியதுபோக மிச்சம் இருந்த நூலையும் வேறு ஊசிகளையும் எடுத்து வந்தாள். அவன் முன்னால் வைத்தாள்.

"பின்னுங்க. உள்ளங்கையளவு."

அவன் பின்னினான். அவள் எதிரே முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொடியிலிருந்து சாம்பல் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து, அவன் பின்னியதைத் தோள் பகுதியோடு ஒட்டி வைத்தாள். ஸீதா வரிசை நெருக்கம், உல்டா வரிசை கொஞ்சம் நெகிழ்வு, ஒவ்வொரு வரிசைத் தொடக்கத்திலும் ஒரு கண்ணி பெரிசு. ஒரே கை.

"பார்டர்?" என்றாள். "அது வேற கை."

"ஆஸ்பத்திரியில மேரிக்குட்டி சிஸ்டர். பாலா ஊருல உள்ள மலையாளி. அடுத்த வருஷம் பென்ஷனாவா. விரலு மடங்கணும்னா இத செய்யுன்னு அவதான் ஊசியைத் தந்தா. எனக்க கூட வார்டுல ஆறு ஆம்பிளைங்க பின்னினோம். லெட்டர் எழுதித் தந்ததும் அவதான்."

"ஆஸ்பத்திரியில எத்தன நாளு?"

"மூணரை மாசம்."

"கதவுல விரலு மாட்டினா மூணரை மாசமா?"

அவன் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான். வெளியே மெயின் ரோட்டில் திருவனந்தபுரம் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

1992 நவம்பரில், மழையும் பனியும் கலந்து பெய்த ஒரு விடியலில், ரோட்டின் ஓரம் இடிந்து லாரி சரிந்தது. பக்கத்து சீட்டில் மங்கத்ராம் என்ற இன்னொரு டிரைவர். இருபது வருட சர்வீஸ்காரன். இரவு முழுக்க ஓட்டிவிட்டு வண்டியை இவனிடம் கொடுத்திருந்தான். ராஜதாஸ் குதித்துவிட்டான். கதவு திரும்ப வந்து விரல்களை நசுக்கியது. இடுப்பெலும்பில் ஒரு கீறல். லாரி மங்கத்ராமோடு ஆற்றுக்குப் போனது. விசாரணையில் யார் மேலும் தப்பில்லை என்று எழுதினார்கள். உயிருக்குப் பயமில்லை என்று ஆன பிறகு, வீட்டுக்குத் தந்தி அடிக்கவேண்டாம் என்று கெஞ்சினது ராஜதாஸ்தான்.

"ஏன்? நான் ஆரு நிங்களுக்கு?"

"அடிச்சா நீ ஓடி வந்திருப்ப. வந்து கேட்டிருப்ப." அவன் நீட்டி நின்ற விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒரு தடவ கேட்டா எதாவது சொல்லிரலாம். நீ பின்னயும் கேப்ப. அதாக்கும் எனக்குப் பயம். மங்கத்ராம் ஒறங்கிட்டிருந்தான், சத்தியம். கூப்பிட்டுட்டுதான் குதிச்சேன்னு எல்லாருட்டயும் சொன்னேன். ஆபீசர்மாருட்ட சொன்னேன். அவனுக்க தம்பி வந்தான், அவனுட்டயும் சொன்னேன். கூப்பிட்டேனா இல்லியான்னு எனக்கு உள்ளபடியே ஞாபகம் இல்ல."

சத்தியபாயின் வாயில் கேள்வி வந்து நின்றது. வாழ்நாள் முழுக்க அவள் அடுத்ததாகக் கேட்டுப் பழகிய கேள்வி. மழையைப் பற்றி ஏதாவது பேசி, அவன் மூச்சை விட்ட சமயம் பார்த்துக் கேட்டால் உண்மையான அளவு கிடைத்துவிடும். அவளுக்கு அது தெரியும். அவனுக்கும் தெரியும், அதனால்தான் நிமிராமல் இருந்தான்.

அவள் கேட்கவில்லை. அவன் பின்னிய துண்டிலிருந்து ஊசியை உருவி, கண்ணிகள் ஓடாமல் ஒரு நூலைக் கோத்து முடிச்சுப் போட்டாள். "கட்டஞ்சாயா போடட்டா?" என்றாள். அவன் தலையாட்டினான். அடுப்பங்கரையில் தண்ணீர் கொதித்து வற்றுகிற வரை அவள் சாயாப்பொடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகும் எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. ஒரு வருடம் முழுக்க அவள் மனதில் வளர்ந்த மலைக்காரியும் அவள் பிள்ளையும் ஒரே நாளில் வெளியேற மறுத்தார்கள். ராஜதாஸ் குளிக்கப் போன நேரத்தில் அவன் பர்ஸைத் திறந்து பார்த்தாள். மேரிக்குட்டி சிஸ்டரின் வயதைப் பேச்சோடு பேச்சாக மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் ஐம்பத்தேழு என்றே வந்தது. ராபின்சனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன், "ஆம்பள ஸ்வெட்டர் பின்னினானாம், நீ நம்பினியாம்" என்று சிரித்தான். "நான் நம்பினதில்ல. நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அந்த மாதம் அவள் அண்ணன் கடைப்பக்கம் போகவில்லை.

ராஜதாஸுக்கு வெட்கம் வேறு. இஞ்சிவிளை ஜங்ஷனில் தெரிந்தால் பிள்ளைகள்கூடச் சிரிக்கும் என்று பயந்தான். கதவு சாத்தியிருக்கும்போது மட்டும் ஊசியைத் தொட்டான். அவன் பின்னுவதை அவள் பார்க்கிறபோது பேசத் தொடங்குவான்: பனி விழுந்தால் சத்தமே இருக்காது என்றும், மங்கத்ராம் ரொட்டிக்கு ஊறுகாயை மட்டும் தொட்டுத் தின்பான் என்றும். மங்கத்ராமுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அவள் கேட்டாள். தெரியாது என்றான். இதை அவள் முதல் தடவையிலேயே நம்பினாள். மங்கத்ராமின் தம்பியிடம் அதைக் கேட்க இவனுக்குத் தைரியம் இருந்திருக்காது.

நீல ஸ்வெட்டர் மே கடைசி வாரத்தில் முடிந்தது. மழைக்கு முந்திய புழுக்கம், காற்று அசையவில்லை. ஓரங்களைத் தைத்து மூட்டியதும் அப்போதே போட்டுப் பார்க்கச் சொன்னாள். ராஜதாஸ் பனியனுக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு அறை நடுவில் நின்றான். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. அஜிஷா சிரித்துக்கொண்டு விசிறியால் வீசினாள்.

"கொள்ளாம். செரியாட்டு இருக்கு" என்றான்.

சத்தியபாய் தள்ளி நின்று பார்த்தாள். கழுத்து சரி. தோள் சரி. மார்பில் இரண்டு சடைகளும் நேராக ஏறியிருந்தன.

"கைய நீட்டுங்க."

"அதான் செரியா இருக்குன்னு சொன்னேனே."

"நீட்டுங்க."

நீட்டினான். ஸ்வெட்டரின் வலது கை மணிக்கட்டில் நின்றது. இடது கை புறங்கையையும் தாண்டி விரல்மூட்டு வரை வந்திருந்தது. போட்டதுமே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"இதுவா செரி?"

"அங்கண குளிருல கை மூடிக் கெடந்தா நல்லது தான்."

"கழத்துங்க" என்றாள். அவன் கழற்றினான். அவள் இடது கையின் மூட்டுத் தையலைப் பிரித்து, கடைசி முடிச்சைத் தேடிப் பிடித்து, கத்தரி முனையால் அறுத்து, நூலை இழுத்தாள். சுருள் சுருளாகக் கம்பளி அவிழ்ந்து வந்தது. ராஜதாஸ் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினான். அவள் நூலை அதில் சுற்றத் தொடங்கினாள். ரயிலுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.